உடுப்பிட்டியில் நிற்கும் முரசுக்காரன்

போன மாதக் கடைசியில் என் வீட்டுக்கு ஒரு காப்புறுதி ஏஜென்ற் வந்தார்.

என் உயிருக்கு விலை பேசத்தான் வந்தார். ஆனால் கதிரையில் இருந்ததுமே அவருடைய கண், யன்னலோரம் கிடக்கும் நீள மேசையில் போய் நின்றுவிட்டது. யாருடைய கண்ணும் அங்கேதான் போகும். ஐம்பதை எட்டிப் பார்க்கிற ஒரு தனிக்கட்டையின் வீட்டில், மேசை நிறைய ஈயப் போர்வீரர்கள் நின்றால் வேறு எங்கே போகும்?

கட்டைவிரல் உயரம். நீலக் கோட்டு. நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளை வார். தோளில் துவக்கு. சாம்பல் நிறக் குதிரையில் ஒரு தளபதி. மொத்தம் பதினெட்டுப் பேர்.

ஏஜென்ற் எழும்பிப் போய்க் குனிந்து பார்த்தார்.

"அண்ணை, முன்னுக்கு ஓரிடம் வெறுமையாக் கிடக்கு. ஆள் லீவோ?"

"ஓம்… உடுப்பிட்டியிலை நிக்கிறார்."

"எவ்வளவு நாளா?"

"ஏழு வருசம்."

"ஏழு வருசமோ! எங்கடை கந்தோரிலை எண்டால் எப்பவோ வேலை போயிருக்கும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். காப்புறுதி எடுக்கவில்லை. அவர் போன பிறகு அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன்… ஏழு வருடம். வாயால் சொல்லும்போதுதான் அது எவ்வளவு நீளம் என்று தெரிகிறது.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தைக் கிழமை தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். மருதனார்மடச் சந்தியில் ஓர் இரும்புக் கடையில் ஆணியும் பூட்டும் பெயின்றும் விற்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஓர் ஆளுக்கு நேரே நின்று நாலு வார்த்தை கதைக்கச் சொன்னால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் எழுதுவேன். தாளுக்கு முகம் இல்லை, பாருங்கள்.

சைக்கிள் பஞ்சரானதிலிருந்து சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கியது வரை எல்லாம் இங்கே எழுதிவிட்டேன். இந்த வீரர்களைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. ஏன்? எழுதினால் ரீச்சரைப் பற்றியும் எழுதவேண்டும். அதுதான்.

இந்தத் தடவை கடிதம் போட்டு அனுமதி கேட்டேன். தபாலட்டையில் பதில் வந்தது: 'பெயர் போடாமல் எழுதுங்கோ. கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கோ.'

கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு மரப்பெட்டியில்தான் தொடங்கியது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பூட்டுகள் மரப்பெட்டியில் வரும். ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கப் பழைய பத்திரிகைத் தாள்களைக் கசக்கி இடையில் அடைத்திருப்பார்கள். பூட்டை எடுத்து அடுக்குவது என் வேலை. தாளை எறிவதும் என் வேலை. ஒரு நாள் எறியப் போன தாளில் ஒரு குதிரையின் கண் தெரிந்தது.

விரித்தேன். உள்ளங்கையால் தடவித் தடவி நிமிர்த்தினேன். ஒரு முழுப்பக்கச் சித்திரம். கையால் வரைந்த பழைய சித்திரத்தை வர்ணத்தில் அச்சடித்திருந்தார்கள்.

விடிகிற நேரம். ஓர் ஆறு. ஆற்றின் மேல் பால் கொதித்துப் பொங்கியது போல மூடுபனி. கரையிலிருந்து வீரர்கள் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். தளபதி குதிரையில் இருந்தபடி பின்னால் திரும்பிப் பார்க்கிறார். எல்லோருக்கும் முன்னால், முழங்காலளவு தண்ணீரில், ஒரு முரசுக்காரன். இடது கால் தூக்கியபடி. இரண்டு கோல்களும் மேலே. அடுத்த கணம் அடி விழும்.

அந்த அடி விழுவதற்கு முன் உள்ள கணம்… அதைத்தான் அந்த மனிதர் வரைந்து வைத்திருந்தார். எந்த மனிதர்? தெரியாது. கீழே விபரம் இருந்த இடத்தைப் பெட்டி ஆணி கிழித்துக்கொண்டு போய்விட்டது. எந்த நாட்டுப் படை, எந்த யுத்தம், ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? அந்தப் படத்தில் எதிரி இல்லை. ஒருவரும் சுடவில்லை. ஒருவரும் விழவில்லை. ஆற்றைக் கடக்கிறார்கள், அவ்வளவுதான். அக்கரை மூடுபனிக்குள் இருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

படத்தைப் பலகையில் ஒட்டிக் கடையில் பெயின்ற் தட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் ஈ ஆடாது. அப்போது அந்த ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் போய் நிற்பேன்.

அங்கேதான் கதிரண்ணை என்னைப் பிடித்தார். கதிரண்ணை பருத்தித்துறைக் கடலோடிக் குடும்பம். வெளிநாட்டுக் கப்பலில் வேலை. மனைவி வீடு மருதனார்மடம் என்றபடியால் லீவில் வந்தால் எங்கள் கடை வாங்குப் பலகையில் வந்து இருப்பார்.

"டேய், உதென்ன, படத்துக்குள்ளை போயிட்டியோ? எத்தினை தரம் கூப்பிடுறது?"

"சும்மா… பாத்துக்கொண்டு நிக்கிறன் அண்ணை."

அவர் கிட்ட வந்து பார்த்தார். "உந்த மாதிரி ஆக்களை ஈயத்திலை வார்த்து விக்கிறாங்களடா. ஒரு துறைமுகத்திலை கடை முழுக்க இதுதான். பழைய சித்திரங்களைப் பாத்துப் பாத்துத்தான் வார்க்கிறவங்களாம். வளர்ந்த ஆம்பிளையள் வந்து பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்து வாங்குறாங்கள். உனக்கும் கொண்டரட்டோ?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த லீவில் சட்டைப் பையிலிருந்து பஞ்சில் சுற்றிய இரண்டு பேரை எடுத்து வைத்தார்.

அன்றைக்கு நான் பத்து வயதுப் பிள்ளையாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. பத்து வயதில் எனக்கு இப்படியொரு சந்தோஷம் வந்ததே இல்லை.

பிறகு ஒவ்வொரு லீவுக்கும் ஒருவர், இருவர். வந்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்து ஆட்கள் இல்லை. ஒருவனுக்குக் கோட்டு சிவப்பு. ஒருவன் கையைத் தவறான பக்கம் நீட்டினான். கம்பியைச் சூடாக்கி மெல்லத் தொட்டுக் கையை மடக்குவேன். வெறும் தகரங்களின் மூடியில் ஒட்டியிருக்கிற பெயின்றைச் சுரண்டி நீலம் குழைப்பேன். கடையில் விற்கிற தூரிகை கதவுக்குப் பூசுகிற தூரிகை; பக்கத்து வீட்டுப் பூனைக்குத் தெரியாமல் அதன் வாலில் நாலு மயிர் எடுத்துக் குச்சியில் கட்டினேன். படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவனுக்கும் முகம் எழுதினேன்.

ஞாயிறு பின்னேரங்களில் வீட்டு மேசை விளிம்பில் நாடியை ஊன்றி ஒரு கண்ணை மூடிக்கொள்வேன். அப்படிப் பார்த்தால் அவர்கள் வளர்ந்துவிடுவார்கள். யன்னலுக்கு வெளியே வெங்காயத் தோட்டம். இறைப்புத் தண்ணீர் வாய்க்காலில் மினுங்கும். அதற்கப்பால் பனைகள். நீலக் கோட்டுக்காரர் ஒவ்வொருவராக அந்தத் தண்ணீருக்குள் மெல்ல இறங்குவார்கள். குதிரை ஒருக்கால் செருமும். வெங்காயப் பூவின் மணம் அவர்களுக்கும் வருமோ என்று யோசிப்பேன்…

ஆனால் முன்னால் முரசு இல்லை. முரசு இல்லாமல் காலை எப்படித் தூக்கி வைப்பார்கள்? ஆற்றங்கரையோடு நின்றுவிடுவார்கள்.

கதிரண்ணையும் தேடாத கடை இல்லை. ஒரு முறை எக்காளம் ஊதுகிறவனைக் கொண்டுவந்தார்.

"அண்ணை, இவர் ஊதுறார். எனக்கு அடிக்கிறவர் வேணும்."

"நாதஸ்வரம் கொண்டந்தால் தவில் கேக்கிறாய்! விட்டால் தாளக்காரனும் கேப்பாய்."

அடுத்த முறை உண்மையாகவே ஒரு முரசுக்காரன் வந்தான். கொழுத்த கிழவன். முரசை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் குந்தியிருந்தான்.

"இவர் இருக்கிறார் அண்ணை. படத்திலை நடக்கிறார்."

"எழும்பி நடவடா எண்டு நீதான் சொல்லன்! நான் கப்பலிலை வேலை செய்யிறதோ, உனக்குத் தவில்காரன் பிடிக்கிறதோ?"

இப்படிப் பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். பத்தொன்பதாவது ஆள் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் இறக்குமதி நின்று சாமான் தட்டுப்பாட்டுக் காலம் வந்தது. மிளகாய் வெங்காயம் விளைவித்தவர்களுக்கு நல்ல காலம். எங்கள் கடை போன்ற கடைகளில் தட்டு எல்லாம் வெறும் தட்டு. யன்னல் கண்ணாடி எங்குமே இல்லை. எங்கள் கடையில் மட்டும் நாலைந்து துண்டு பதுங்கிக் கிடந்தது. எப்படியோ உடுப்பிட்டிக்கு அது தெரிந்துவிட்டது. ஒரு பென்சன்காரர் ஆள் அனுப்பினார்: கண்ணாடி அலுமாரிக் கதவு உடைந்துவிட்டது, வந்து அளவெடுக்க முடியுமோ? முதலாளி என்னை அனுப்பினார்.

அவர் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தலைமைக் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். ஊரில் கிளாக்கர் ஐயா என்பார்கள். மனைவி இல்லை. ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கலியாணம் ஆகவில்லை. இந்த விபரங்களை எல்லாம் அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை. இப்போது எழுதும்போதுதான் வரிசையாகச் சொல்கிறேன்.

நான் கவனித்தது ஒன்றே ஒன்று. உடைந்த கண்ணாடிக்குப் பின்னால், நடுத்தட்டில், ஒரு பீங்கான் நாய்க்கும் வெள்ளிக் கரண்டிக்கும் இடையில்…

இடது கால் தூக்கியபடி. இரண்டு கோல்களும் மேலே.

"என்ன தம்பி, அளவு எடுக்கேல்லையோ?" கிளாக்கர் ஐயா கேட்டார்.

"எடுக்கிறன் ஐயா."

"மூண்டு தரம் எடுத்திட்டீர்."

தோட்டத்துத் துரை தன் நாட்டுக்குத் திரும்பிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன சாமான்களாம் அவை. அந்தப் பொம்மை துரையின் தகப்பன் காலத்துப் பொம்மை. என் படத்தைப் பார்த்துத்தான் அதையும் எவனோ வார்த்திருக்க வேண்டும். அந்தப் படம் கசங்கி மருதனார்மடத்துக்கு வர, அதில் நின்ற ஆள் மலைநாடு சுற்றி உடுப்பிட்டிக்கு வந்து நிற்கிறான். நினைக்க நினைக்கத் தலை சுற்றியது.

அடுத்த கிழமை கண்ணாடியைச் சைக்கிள் கரியரில் சாக்குச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனேன். அச்சுவேலி தாண்டினால் வல்லை வெளி. வீடில்லை, மரமில்லை, இரண்டு பக்கமும் தண்ணீரும் வானமும் மட்டும். காற்று கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. இறங்கி உருட்டினேன். சாக்கு ஒரு பக்கம் விலகி, கண்ணாடிக்குள் மேகங்கள் என்னோடு கூட வந்தன. நடந்து நடந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்: "ஐயா, அந்தப் பொம்மையை எனக்குத் தருவீங்களோ?" காற்று கேட்டது. நன்றாகத்தான் சொன்னேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியைக் கதவில் பொருத்தினேன், ரீச்சர் தந்த ரீயைக் குடித்தேன், வந்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்துப் போனேன். "கண்ணாடி ஆடுதோ எண்டு பாக்க வந்தனான் ஐயா." ஆடவில்லை. அடுத்த மாதம் போனேன். "அலுமாரிப் பூட்டுக்கு எண்ணெய் விடவேணும்." விட்டேன். ஒவ்வொரு முறையும் வல்லை வெளியில் முழு வசனமாகச் சொல்லுவேன். ஒவ்வொரு முறையும் ரீச்சர் தட்டத்தில் ரீ கொண்டுவந்து தந்துவிட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் போய் நிற்பார். நான் அலுமாரியைப் பார்த்தபடி இருப்பேன்.

கிளாக்கர் ஐயா அன்பாகக் கதைப்பார்.

"தம்பிக்குச் சகோதரங்கள்?"

"ரண்டு தங்கச்சியவை. ரண்டு பேரும் கட்டியிட்டினம்."

"நல்லது. கடமை முடிஞ்சுது. நீர் இன்னும் செய்யேல்லையோ?"

"இல்லை ஐயா."

"ம்… குடி, சிகரட்?"

"இல்லை ஐயா."

கடைக்காரனிடம் ஏன் இதெல்லாம் கேட்கிறார் என்று ஒரு மனிதனுக்கு யோசனை வரவேண்டாமா? வரவில்லை. வெறுங்கையோடு இத்தனை தரம் போய் ரீ குடிப்பது மரியாதை இல்லை என்ற யோசனைதான் வந்தது. அடுத்த தடவை போகும்போது மருதனார்மடச் சந்தையில் கப்பல் என்கிற நல்ல இன வாழைப்பழத்தில் ஒரு சீப்பு வாங்கினேன். மற்றச் சேட்டெல்லாம் தோய்த்துப் போட்டிருந்ததால் தீபாவளிச் சேட்டைப் போட்டேன். அன்று வெள்ளிக்கிழமை.

எங்கள் ஊர் வழக்கம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டாத ஓர் ஆண், கட்டாத பெண் இருக்கிற வீட்டுக்கு, வந்த காரியம் சொல்லாமல் வந்து, தலை குனிந்து ரீ குடித்துப் போய், திரும்பவும் வந்தால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். புதுச்சேட்டும் வாழைப்பழமும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்தால் அந்த ஒழுங்கையில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் அர்த்தம் விளங்கும். விளங்காத ஒரே ஆள் நான்.

அன்றைக்குக் கேட்டே விடுவது என்று வேர்த்து விறுவிறுத்துப் போய்க் கதிரையில் இருந்தேன்.

"ஐயா… நான் ஒண்டு கேக்கவேணும்."

"கேளும் தம்பி." அவர் முகம் முழுக்க வெளிச்சம்.

நான் அலுமாரியைப் பார்த்தேன். ரீச்சர் அதற்கு முன்னால் நின்றார்.

"கனநாளாக் கேக்க நினைச்சனான்… கூச்சத்திலை…"

"விளங்குது தம்பி, விளங்குது. நீர் ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

எழும்பி அறைக்குள் போனார். சாமி படத்தடியில் மணி கிலுங்கியது. ஒரு பழைய பழுப்புக் கடித உறையைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நாலு மூலையிலும் மஞ்சள்.

மகளின் சாதகக் குறிப்பு!

"நல்ல சாத்திரியாரிட்டைக் காட்டிப் பொருத்தம் பாரும். ஆறுதலாப் பாத்துச் சொன்னால் போதும்."

அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? 'ஐயா, பிழையாக விளங்கிவிட்டீர்கள், நான் கேட்க வந்தது ஈயப் பொம்மையை' என்று அந்த முகத்தைப் பார்த்து, அந்த மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லுவீர்களோ? நான் உறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உறையின் விளிம்பு துணி போல மிருதுவாக இருந்தது. மூலையில் பழைய மஞ்சளுக்கு மேல் புது மஞ்சள், அதற்கு மேல் இன்னும் புதிது. எத்தனை வீடு போய் எத்தனை தரம் திரும்பி வந்த உறை! இனி நானும் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடுத்தால் இன்னொரு தரம்.

கதிரண்ணை அப்போது லீவில் நின்றார். நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரைக்கேறியது.

"கட்டன்ரா! தவில்காரனைச் சீதனமாக் கேள். ஈயப் பொம்மையைச் சீதனமாக் கேட்ட மாப்பிளை உலகத்திலை நீ ஒருத்தன்தான்."

"பகிடி விடாதேங்கோ அண்ணை. அந்த மனிசியின்ரை மனம் நோகும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப கெதியாக் குடுத்திடு. வைச்சிருக்க வைச்சிருக்கத்தான் நோகும்."

மூன்று கிழமை வைத்திருந்தேன். பிரிக்கவில்லை, ஒரு சாத்திரியாரிடமும் காட்டவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை வல்லை வெளியில் பழகிய வசனம் வேறு: "பொருத்தம் இல்லையாம் ஐயா." யார் மேலும் குற்றம் இல்லை, எல்லாம் கிரகத்தின் மேல்.

கிளாக்கர் ஐயா கோயில் சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். ரீச்சர் விறாந்தையில் இருந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகாமல் முற்றத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன்.

"குறிப்பைக் கொண்டந்தனீங்களோ?"

"ஓம் ரீச்சர்."

"பொருந்தேல்லை எண்டு சொல்லப் போறியள்."

நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் சிவப்புப் பேனையை மூடி வைத்தார்.

"மூண்டாம் முறை நீங்கள் வரேக்கை, உந்த முரசுக்காரப் பொம்மையை நான் மேல் தட்டிலை வைச்சன். உங்கடை கண் மேலை போச்சுது. நாலாம் முறை கீழ்த் தட்டிலை வைச்சன். கண் கீழை போச்சுது. வாழைப்பழத்தோடை வந்த அண்டைக்கு நான் அதுக்கு முன்னாலை வந்து நிண்டன். நீங்கள் தலையைச் சரிச்சு எனக்குப் பின்னாலை பாத்தனீங்கள்."

பூமி பிளந்து என்னையும் சைக்கிளையும் சேர்த்து விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை.

"என்னைப் பாக்க ஏழு பேர் வந்து போயிட்டினம்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "அந்தப் பொம்மையை நீங்கள் பாத்த மாதிரி ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை. அதிலை அப்பிடி என்ன கிடக்கு?"

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. ஆற்றைச் சொன்னேன், மூடுபனியைச் சொன்னேன், கிழிந்து போன விபரத்தைச் சொன்னேன், கரையில் காத்து நிற்கிற பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகச் சொன்னேன். வாழ்க்கையில் ஒரு பெண்ணுக்கு முன்னால் அவ்வளவு நேரம் கதைத்தது அன்றைக்குத்தான். நான் முடித்தபோது கொப்பிகள் காற்றில் தாள் புரண்டு கிடந்தன. அவர் கவனிக்கவில்லை.

"உவை ஆரோடை சண்டைக்குப் போகினம்?"

"தெரியாது ரீச்சர். படத்திலை எதிரி இல்லை."

புரண்டு கிடந்த கொப்பிகளை மூடி அடுக்கினார். பிறகு கணக்கு ரீச்சர் கணக்கு ரீச்சராகவே கதைத்தார்.

"குறிப்பைத் திருப்பித் தராதேங்கோ. உங்களிட்டையே இருக்கட்டும். ஒரு வீட்டிலை குறிப்பு நிக்கேக்கை இன்னொரு வீட்டுக்குக் குடுக்கிறது மரியாதை இல்லை. அப்பா மரியாதை விடமாட்டார். சீலை மாத்தி, தட்டம் தூக்கி, வாறவைக்கு முன்னாலை போய் நிண்டு… எனக்குக் களைச்சுப் போச்சுது. அப்பாட்டை, சனி மாறும் மட்டும் பொறுக்கவேணுமாம் எண்டு சொல்லுங்கோ. ரண்டு வருசம் கிடக்கு."

"அப்ப… பொம்மை?"

கேட்டுவிட்டேன்! இரண்டே வார்த்தை என்றாலும் கேட்டுவிட்டேன்.

"அதை இப்ப தந்தால் நீங்கள் பிறகு வரமாட்டியள். நீங்கள் வராட்டில் அப்பா வேறை ஆளைத் தேடுவார். குறிப்பைத் திருப்பித் தாற அண்டைக்கு அதை எடுத்துக்கொண்டு போங்கோ. அதுவரைக்கும் மாதத்துக்கு ஒருக்கால் வந்து பாருங்கோ."

இதுதான் எங்கள் உடன்படிக்கை.

மாதத்தில் முதலாம் ஞாயிறு போவேன். போகும்போது என் வீரர்களில் ஒருவனைப் பஞ்சு வைத்துத் தீப்பெட்டியில் கொண்டுபோவேன், நீலம் ஒத்துப்போகிறதோ என்று பார்க்க. ரீச்சர் அலுமாரியைத் திறந்து அவனை முரசுக்காரனுக்குப் பக்கத்தில் வைப்பார். ரீ குடித்து முடியும்வரை அவன் அங்கே நிற்பான். இப்படி ஒவ்வொருவனாகப் பதினெட்டுப் பேரும் உடுப்பிட்டி பார்த்து வந்தார்கள். தளபதியைக் கண்டு ரீச்சர், "உவர் எங்கடை அதிபரைப் போலை. எப்பவும் பின்னுக்கு நிக்கிறவையைத்தான் பாப்பார்," என்றார். எல்லோரும் போய் வந்த பிறகு முதலாமவனிலிருந்து திரும்பவும் தொடங்கினோம்.

ரீச்சர் என்னிடம் ஆற்றைப் பற்றிக் கேட்பார். அன்றைக்கு மூடுபனி எப்படி என்று கேட்பார். கடலைப் பற்றிக் கேட்பது போல, மழையைப் பற்றிக் கேட்பது போல. "இண்டைக்குக் கொஞ்சம் விலகியிருக்கு ரீச்சர்," என்பேன். யன்னலால் வருகிற வெயில் அலுமாரிக் கண்ணாடியில் பட்டு, கூரையில் தண்ணீர் போல ஆடும். அதைப் பார்த்தபடி, கிளாக்கர் ஐயாவோடு சேர்த்து மூன்று பேரும் இருப்போம்.

சனி மாறியது. "ராகு சரியில்லையாம் ஐயா," என்றேன். ராகு போனது. வியாழனைப் பிடித்தேன். அந்த நல்ல மனிதரை ஏமாற்றினேனா? ஏமாற்றினேன். போகிற வழியெல்லாம் அது உறுத்தும். வருகிற வழியில் ஏனோ உறுத்தாது.

கிளாக்கர் ஐயா நோயாகப் படுத்திருந்தபோது ஒரு நாள் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, உம்மடை சாத்திரியார் மெத்தக் கவனமான ஆள் போலை."

மற்றக் கையால் அவருடைய போர்வையை இழுத்துவிட்டேன்.

"பரவாயில்லை. நீர் வந்துகொண்டிரும்," என்றார்.

போன வருடம் காலமானார். துக்க வீட்டில் உடன்படிக்கை பற்றி யார் கதைப்பது? நான் வழக்கம் போல முதலாம் ஞாயிறுகளில் போய் வந்தேன். ரீச்சரின் ஒன்றுவிட்ட தம்பி குடும்பமும் இப்போது அந்த வளவில்தான் இருக்கிறது. அவர்களும் என்னை ஒன்றும் கேட்டதில்லை. போன மாதம் ஒரு வருட நிறைவு ஆட்டைத் திவசமும் முடிந்தது.

அப்போதுதான் அந்த ஏஜென்ற் வந்து, ஆள் லீவோ என்று கேட்டுவிட்டுப் போனார்.

யோசித்துப் பார்த்தேன். ரீச்சரின் குறிப்பை இனி யார் யாருக்குக் கொடுக்கப் போகிறார்கள்? யாரும் இல்லை. அப்படியென்றால் அது என்னிடம் இருக்கத் தேவையில்லை. அது என்னிடம் இல்லையென்றால் முரசுக்காரன் அங்கே இருக்கத் தேவையில்லை. கணக்கு சரி. ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

இந்த மாதம் முதலாம் ஞாயிறு உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். தீப்பெட்டி கொண்டுபோகவில்லை. வல்லை வெளியில் ஒரு வசனமும் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

ரீச்சர் ரீ தந்தார். நான் உறையை எடுத்து ஸ்டூலில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். முரசுக்காரனை எடுத்துச் சீலைத் தலைப்பால் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

ஏழு வருடத்தில் நான் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. குளிர்ந்திருந்தது. நினைத்ததைவிடப் பாரம். முரசின் விளிம்பில் பெயின்ற் மயிரிழையாக வெடித்திருந்தது. முகத்தைக் கிட்டப் பார்த்தேன். பயமும் இல்லை, வீரமும் இல்லை. கோலைத் தூக்கிவிட்டு எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற முகம்.

அன்று பின்னேரமே முன்னால் கொண்டுபோய் நிறுத்தலாம். முரசு அடிக்கும். பதினெட்டுப் பேரும் இறங்கி ஆற்றைக் கடந்துவிடுவார்கள். மூடுபனிக்குள் போய்விடுவார்கள்… சரி, போன பிறகு?

அடுத்த மாதம் முதலாம் ஞாயிறு நான் எங்கே போவேன்?

"எடுங்கோ. உங்கடைதான்," என்றார் ரீச்சர். உறையை அவர் இன்னும் தொடவில்லை.

நான் முரசுக்காரனைப் பார்த்தேன். அலுமாரியின் வெறும் இடத்தைப் பார்த்தேன். பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அலுமாரிக்கு முன்னால் நின்றவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"ரீச்சர்… பெயின்ற் இன்னும் காயேல்லைப் போலை கிடக்கு."

அவர் என் கையிலிருந்து அதை வாங்கினார். யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் இருவரும் பிறப்பதற்கு முன்னரே பூசிய பெயின்ற். விரலால் ஒருக்கால் தொட்டும் பார்த்தார்.

"ஓம்," என்றார். "எனக்கும் ஈரமாத்தான் தெரியுது."

திரும்பவும் நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். ஸ்டூலில் கிடந்த உறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதையும் கொண்டு போங்கோ. காத்து அடிக்குது, வல்லையிலை விழுத்திப் போடாதேங்கோ."

எனாமல் பெயின்ற் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று இருபத்தைந்து வருடமாகக் கடையில் சொல்லி வருகிறவன் நான்.